கனவு தின்னும் 'பாகு': போக்கிமோன் விளையாட்டில் ஒரு பழங்கதை

ஜப்பானில் 1996 பிப்ரவரி 27-ஆம் தேதி, கேம் பாய் கருவிக்காகப் போக்கிமோன் விளையாட்டு வெளிவந்தது. பிடித்துச் சேகரிக்கும் 151 உயிரினங்கள் அதில் இடம்பெற்றன. அவற்றுள் சில ஜப்பானிய, சீனப் பழங்கதைகளிலிருந்து வந்தவை. எதிரியைத் தூங்க வைத்து அவர் காணும் கனவைத் தின்னும் 'டிரவ்சி' அத்தகைய ஒன்று.

இதன் மூதாதை 'பாகு' என்னும் கற்பனை விலங்கு. விளையாட்டின் குறிப்பேடே டிரவ்சியைப் பாகுவின் வழித்தோன்றல் என்கிறது. யானையின் துதிக்கை, காண்டாமிருகத்தின் கண், மாட்டின் வால், புலியின் பாதம் ஆகியவை சேர்ந்தது பாகுவின் உருவம். நோயையும் தீமையையும் விரட்டும் விலங்காகச் சீனாவில் கருதப்பட்ட இது, ஜப்பானில் கெட்ட கனவைத் தின்று மனிதரைக் காப்பதாக நம்பப்பட்டது. அதன் படத்தைத் தலையணையில் வரைந்துகொள்வார்கள். கெட்ட கனவு கண்டு விழித்தவர், அதைத் தின்றுவிடும்படி பாகுவை மூன்று முறை அழைக்கும் வழக்கமும் இருந்தது.

விளையாட்டில் இந்தக் குணம் தலைகீழாகிவிட்டது. டிரவ்சிக்குப் பிடித்தவை இனிய கனவுகள். அதிலும் சிறுவர்களின் கனவுகள்தாம் அதற்குச் சுவையானவை. கெட்ட கனவைத் தின்றால் சில வேளைகளில் அதற்கே உடல்நலம் கெட்டுவிடும். பழங்கதையின் காவலன் இங்கே கனவுத் திருடனாகிவிட்டான்.

எல்லாக் கதைகளும் இப்படி மாறிவிடவில்லை. மஞ்சள் ஆற்றின் அருவியை எதிர்த்து நீந்தி, 'டிராகன் வாயிலை'த் தாண்டும் கெண்டை மீன் டிராகனாக மாறும் என்பது சீனக் கதை. விளையாட்டிலும் எதற்கும் உதவாத 'மேஜிகார்ப்' மீனைப் பொறுமையாக வளர்த்தால், 20-ஆம் நிலையில் அது வலிமைமிக்க 'கியாரடோஸ்' ஆகிறது. விடாமுயற்சி பலன் தரும் என்ற கருத்து அப்படியே நிற்கிறது.

டிரவ்சிக்கு மலேசியாவுடனும் ஓர் உறவு உண்டு. மலாய் மொழியில் 'தெனுக்' எனப்படும் தாப்பிரை ஜப்பானியர் 'பாகு' என்றே அழைக்கின்றனர். டிரவ்சியின் நீண்ட மூக்கும் இருநிற உடலும் தெனுக்கை நினைவூட்டுபவை. நம் காடுகளில் வாழும் தெனுக், சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. காடுகள் குறைவதாலும், இரவில் சாலையைக் கடக்கையில் வாகனங்களில் அடிபடுவதாலும் அது அருகி வருகிறது. பிள்ளைகள் திரையில் டிரவ்சியைத் தேடும்போது, இந்த உண்மையான பாகுவின் கதையையும் பெற்றோர் சொல்லித் தரலாம்.