திரியும் சுடரும்: நம் ஆலய ஒளிச் சொற்கள் கூறும் வரலாறு

ஒரு பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய நாளையும், மணி ஏற்றிய ஆண்டையும், பணியாற்றிய குருக்களின் பெயர்களையும் வரிசைப்படுத்துவது வழக்கம். அவை யாவும் வேண்டியவையே. ஆயினும் கல்லிலும் சுண்ணாம்பிலும் மட்டுமா வரலாறு உறைந்து கிடக்கிறது? நாள்தோறும் பீடத்தின் முன் நின்று நாம் வழங்கும் சிறு சொற்களிலும் அது உறைந்து கிடக்கிறது. மெழுகுதிரி, விளக்கு, சுடர், அணையா விளக்கு ஆகிய சொற்களைச் சற்றே நின்று நோக்குவோம்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இந்திய ஆயர்களின் வேண்டுகோளை ஏற்று, திருவழிபாட்டில் நம் நாட்டு முறைகள் பன்னிரண்டைக் கைக்கொள்ள உரோமை இசைவு அளித்தது. மெழுகுதிரிக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு ஏற்றலாம் என்பது அவற்றுள் ஒன்று. இதைக் கேட்டு மகிழ்ந்தோரும் உண்டு, முகம் சுளித்தோரும் உண்டு. "மெழுகுதிரிதான் நம் மரபு, குத்துவிளக்கு பிறர் வீட்டுப் பொருள்" என்ற முணுமுணுப்பு எழுந்தது. அது முற்றிலும் ஓய்ந்துவிட்டது என்று இன்றும் சொல்வதற்கில்லை. ஒரே பங்கில், ஒரே பந்தியில் அமர்வோர் ஒரு விளக்கின் பொருட்டு மனம் வேறுபடலாமா? சொற்களின் வரலாறு என்ன கூறுகிறது என்று பார்ப்போம்.

பெயர் வைத்தவர் யார்?

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் புனித சவேரியார் அக்கரைக்கு வந்தார். அந்நாள் தொட்டுப் போர்த்துக்கீசியச் சொற்கள் பல நம் நாவில் குடியேறின. மேசை, சாவி, அலமாரி, சன்னல், பாதிரி, குருசு ஆகிய யாவும் அவ்வாறு வந்தவையே. அவர்கள் மெழுகுதிரியை 'வேலா' என்பர். ஆனால் ஆலயத்தில் அன்றாடம் கண்ட அந்தப் பொருளின் பெயர் மட்டும் நம் பேச்சில் வேர் கொள்ளவில்லை. ஏன்?

நம் முன்னோர் அதைப் பார்த்தவுடன், இது நமக்குத் தெரிந்த பொருள்தான் என்று கண்டுகொண்டனர் போலும். மெழுகு, தேன்கூட்டைப் பிழிந்தவர்களுக்கும் வார்ப்புச் சிலை செய்தவர்களுக்கும் பழகிய பொருள், பழந்தமிழ்ச் சொல். திரி, ஒவ்வொரு வீட்டு அகலிலும் கிடந்தது. எண்ணெயில் நனையும் திரி இங்கே மெழுகில் நிற்கிறது, அவ்வளவே. ஆகவே 'மெழுகுதிரி' என்றனர். வடமொழியில் திரிக்கு 'வர்த்தி' என்று பெயர். அதனால் 'மெழுகுவர்த்தி' என்றும் ஆயிற்று. சேர நாட்டாரும் மெழுகுதிரி என்றே வழங்குகின்றனர். வடக்கே 'மோம்பத்தி' என்பர். மோம் என்பது பாரசீகத்தில் மெழுகு, பத்தி என்பது அதே வர்த்தி. விளக்கின் உறவாகவே மெழுகுதிரியை நம் மொழி ஏற்றுக்கொண்டது என்பது இதனால் விளங்கும்.

இந்த வர்த்தி என்ற சொல் தேய்ந்து வத்தியும் பத்தியும் ஆயிற்று. ஊதுபத்தியும் அதுவே, வத்திக்குச்சியும் அதுவே. இருவரிடையே கலகம் மூட்டுகிறவனை "வத்தி வைக்கிறான்" என்கிறோம். பக்தியைத் தமிழாக்கி எழுதினாலும் 'பத்தி' என்றே வரும். கையில் பத்தி இருந்தும் நெஞ்சில் பத்தி இல்லையேல் என் பயன் என்று பெரியோர் கேட்டால், அது வெறும் சிலேடை அன்று.

இலத்தீன் வழி வந்த பெயர்கள்

இனி, திருச்சபையின் இலத்தீன் மொழிக்கு வருவோம். மெழுகுதிரிக்கு அங்கே 'காந்தேலா' என்று பெயர். வெண்மையாய் ஒளிர்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தது அது. பழைய உரோமையில் பதவிக்குப் போட்டியிட்டோர் வெளுத்த மேலாடை உடுத்தி மக்கள்முன் வருவர்; அதனால் வேட்பாளருக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரும் அதே வேரிலிருந்து வந்தது. திருமுழுக்கில் குழந்தைக்கு வெள்ளாடை அணிவித்து, எரியும் திரியைப் பெற்றோர் கையில் தருகிறோமே, அவ்விரண்டும் இலத்தீனில் ஒரே வேர்ச் சொற்களின் பொருளைத் தாங்கி நிற்கின்றன.

பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழாவில் திரிகள் மந்திரிக்கப்படுவதால், மேனாட்டார் பலர் அதை மெழுகுதிரித் திருநாள் என்றே அழைத்தனர். மறுநாள் புனித பிளாசியார் விழாவில் இரு திரிகளைச் சிலுவையாக இணைத்துத் தொண்டையில் வைத்து ஆசி அளிப்பர். நம் வீட்டுப் பெண்களுக்கு இடும் லூசியா என்ற பெயரும் 'லுக்ஸ்', அதாவது ஒளி என்னும் சொல்லிலிருந்து வந்ததே. நம் பிள்ளைகளின் பௌதிகப் புத்தகத்திலும் ஆலயத் திரி எரிகிறது: ஒளியின் செறிவை அளக்கும் அலகுக்கு 1948-இல் உலக நாடுகள் சூட்டிய பெயர் 'கேண்டெலா'.

மெழுகு என்றால் தேன்மெழுகு என்பதே பழைய பொருள். பாஸ்காத் திரியும் திருப்பலியில் எரியும் இரு திரிகளும் பெரும்பகுதி தேன்மெழுகாக இருக்க வேண்டும் என்று 1904-இல் உரோமை கட்டளையிட்டது. கடையில் நாம் வாங்கும் வெள்ளைத் திரி பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் பாரபினால் ஆனது. தேனீயும் பூவும் மறைந்துவிட்டன. மெழுகு என்ற பெயர் நின்றுவிட்டது.

மெழுகுதிரிமேல் எழுந்த பழி

மெழுகுதிரியே பழமை என்று எண்ணுவோர் திருநூலை நினைவுகூர வேண்டும். மோசே காலத்துத் திருக்கூடாரத்தில் எரிந்தது ஒலிவ எண்ணெய் விளக்கு. மணமகனை எதிர்கொள்ளச் சென்ற பத்துக் கன்னியர் கையிலிருந்ததும் எண்ணெய் விளக்கே. எண்ணெய் குறைந்ததால்தானே ஐவர் வெளியே நின்றனர்? 1611-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு, மரக்காலின் கீழ் வைக்கலாகாத விளக்கை, தம் நாட்டு வழக்கப்படி மெழுகுதிரி என்று பெயர்த்துவிட்டது. மூலமாகிய கிரேக்கச் சொல் குறிப்பதோ எண்ணெய் விளக்கு. தமிழ் மொழிபெயர்ப்புகளில் விளக்கு என்றே இருப்பதால், இவ்விடத்தில் தமிழர் மூலத்துக்கு நெருங்கி நிற்கிறோம்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜிலான்சியுஸ் என்ற குரு, பட்டப்பகலில் மறைசாட்சிகளின் கல்லறைமுன் திரிகளைக் கொளுத்துவது புறவினத்தாரின் வழக்கம் என்று கண்டித்தார். பெத்லகேமில் வாழ்ந்த புனித ஜெரோம் சுமார் 406-இல் அவருக்கு மறுப்பு எழுதினார். கிழக்கு நாட்டு ஆலயங்களில் நற்செய்தி வாசிக்கும்போது, வெயில் காயும் வேளையிலும் விளக்கு ஏற்றுவர் என்றும், அது இருளை ஓட்ட அன்று, மகிழ்ச்சியைக் காட்டவே என்றும் அவர் விளக்கினார். சிலைகளுக்குச் செய்தது தள்ளத்தக்கது, மறைசாட்சிகளை முன்னிட்டுச் செய்வது கொள்ளத்தக்கது என்பது அவர் முடிவு. ஆக, இன்று "நம்முடையது" என்று நாம் மார்தட்டும் மெழுகுதிரியும் ஒரு காலத்தில் "பிறருடையது" என்ற பழியைச் சுமந்தே ஆலயத்துள் நின்றது! கேரளத்துப் பழைய ஆலயங்களில் சிலுவை பொருந்திய நிலைவிளக்கு நிற்பதைக் கண்டோர், நம் நாட்டு விளக்கும் ஆலயத்துக்குப் புதிதன்று என்பதை அறிவர்.

ஒரு சொல், பல பொருள்

இத்தாலியில் பிறந்து தமிழுக்கே தம்மை ஒப்புக்கொடுத்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை இயற்றினார். அதன் முதற்பகுதியாகிய பெயரகராதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துத் தருவது. அவ்வழியில் நாமும் ஒளிச் சொற்கள் சிலவற்றைத் தொட்டுப் பார்க்கலாம்.

விளக்கு: தீபமும் ஆகும், பொருளை எடுத்துரைப்பதும் ஆகும், பாத்திரம் துலக்குவதும் ஆகும். ஞானோபதேசம் கற்பிப்பவரும், அடுப்படியில் பானை விளக்கும் தாயும் ஒரே சொல்லின் வேலையைத்தான் செய்கின்றனர்.

ஒளி: வெளிச்சமும் ஆகும், மறைந்துகொள்வதும் ஆகும். ஏற்றுவதும் மரக்காலால் மூடுவதும் நம் கையில்தான் என்று சொல்லே எச்சரிக்கிறது.

பொறி: நெருப்புத் துளி, ஐம்புலன்களின் வாயில், இயந்திரம், எலியைப் பிடிக்கும் கூண்டு. கொழுந்து: செடியின் இளந்தளிரும் ஆகும், தீயின் நுனியும் ஆகும். எரிப்பதையும் துளிர்ப்பதையும் நம் மொழி ஒன்றாகக் கண்டது. பெந்தெகொஸ்தே நாளில் இறங்கிய தீநாக்குகள் எவரையும் சுடவில்லை, துளிர்க்கச் செய்தன என்பதை நினைத்தால் கொழுந்து என்ற சொல்லின் அருமை புரியும்.

அணை: அவிப்பதும் தழுவுவதும் ஒரே சொல். வெள்ளத்தைத் தடுப்பதும் அணை, தலைக்கு வைப்பதும் அணை. அவிப்பது என்ற பொருளுக்கு அஞ்சியே நம் பாட்டிமார் "விளக்கை அணை" என்று சொல்லமாட்டார்கள். "அமர்த்து" என்பர், "குளிர வை" என்பர். தானே நின்றுவிட்டால் "மலையேறிற்று" என்பர். மின்விசையைத் தட்டிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இச்சொற்கள் தெரியுமா?

துளங்கு: இதுவே நம் மனத்தை மிகவும் தொட்டது. நடுங்குவதற்கும் துளங்குதல் என்று பெயர், ஒளிர்வதற்கும் துளங்குதல் என்று பெயர். காற்றில் ஆடும் சுடரைப் பார்த்தவர்களுக்கு இது புதிரன்று. நடுங்கிக்கொண்டேதான் அது ஒளிர்கிறது. நோயாளியின் படுக்கையருகே ஏற்றும் திரியும், பாஸ்கா இரவில் கைக்குக் கை மாறும் திரியும் அப்படித்தான். முன்பு சனிக்கிழமைக் காலை வெயிலில் நடந்த அத்திருவிழிப்பை 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார். இருளில் நின்ற பின்னரே ஒரு சிறு சுடரின் வலிமை மக்களுக்குத் தெரிந்தது. விசுவாசம் தள்ளாடும்போது அது அவிந்துவிட்டது என்று எவரும் தீர்ப்பிட வேண்டாம். புகையும் திரியையும் அவித்துவிடாத இறை ஊழியரைப் பற்றி எசாயா நூலின் 42-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோமே!

நந்தா விளக்கு

நற்கருணைப் பேழையருகே இரவும் பகலும் எரிவதை அணையா விளக்கு என்கிறோம். பழந்தமிழில் அதற்கு நந்தா விளக்கு என்று பெயர். நந்துதல் என்றால் கெடுதல், அவிதல். சோழர் காலக் கோவில் கல்வெட்டுகளில் இப்பெயர் நூற்றுக்கணக்கில் காணப்படுகிறது. ஒரு விளக்கு எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக 90 அல்லது 96 ஆடுகளை ஒருவர் அறமாக விடுவார். அந்த ஆடுகளைக் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு' என்று கூறும். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும், மூக்கும். ஆனால் ஒன்று போனால் அதன் குட்டி வந்து நிற்க வேண்டும். மேய்ப்பவர் எண்ணிக்கையைக் குறையவிடலாகாது. அதனால் மந்தை சாகாது, மூக்காது, விளக்கும் நந்தாது.

பங்கு என்பதும் ஒரு மந்தைதானே? இவ்வாலயத்தில் முதல் திரியை ஏற்றியவர்கள் இன்று கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். அவர்கள் ஏற்றியது மெழுகுதிரியா, எண்ணெய் விளக்கா என்று நாம் வழக்காட வேண்டியதில்லை. இரண்டுக்கும் திரி ஒன்றே. மெழுகு உருகினாலும் எண்ணெய் வற்றினாலும், தன்னைக் கொடாமல் எதுவும் எரிவதில்லை. அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் நாம் நிற்கிறோம். நாம் விடும் இடத்தில் நம் பிள்ளைகள் நிற்க வேண்டும். விழா ஆண்டில் ஆலயமெங்கும் மின்விளக்குத் தோரணம் கட்டுவோம், தவறில்லை. அதோடு ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளைகளை அருகழைத்து, ஒரு திரியை ஏற்றச் சொல்லி, அதன் பெயர்களையும் சொல்லிக்கொடுப்போமாக. எண்ணிக்கை குறையாதிருக்கட்டும், விளக்கு நந்தாதிருக்கட்டும்.