தாங்கியில் இருந்த கறுப்பு

பெரியப்பாவின் ஹொண்டா சிடி 200ஐ நாங்கள் கறுப்பு மோட்டார்சைக்கிளாகத்தான் பார்த்து வளர்ந்தோம். போன லீவில் அதுக்கு மெற்றாலிக் பெயின்ற் அடிக்க வெளிக்கிட்டோம். பெற்றோல் தாங்கியைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தால், கறுப்புக்குக் கீழே மினுங்கும் சிவப்பு!

"சிவப்பு ஜப்பான்காரன் அடிச்சது. கறுப்பு நான் பிறஷால அடிச்சது" எண்டார் பெரியப்பா. "மேல பொம்பர் சுத்தேக்க மினுங்கிற சாமான் என்னத்துக்கு?"

1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் காணக்கிடைக்காத சாமான். சின்னப் போத்தலில் இருந்து காபரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் பீச்சி ஸ்ரார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடாக மண்ணெண்ணெயில் ஓடும். புகையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலும் இந்தக் கறுப்புத்தான் சாமான் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனது.

மினுக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1920, 30களில் கார்களை மினுக்க மீன் செதிலில் எடுத்த பொருளைப் பெயின்றில் கலந்தார்கள். விலையோ பயங்கரம். பிறகு அலுமினியத் துகள் வந்தது. 1969இல் விற்பனைக்கு வந்த ஹொண்டா சிபி 750இன் 'கண்டி' நிறங்களில், மினுங்கும் அடிப்பூச்சுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஊடுதெரியும் நிறத்தை அடித்தார்கள். வெளிச்சம் உள்ளே போய்த் துகளில் பட்டுத் திரும்பும். அந்த ஆழம் அதனால்தான்.

நாங்கள் விட்ட பிழை: கறுப்பை மேலால உரஞ்சிவிட்டு அதுக்கு மேலேயே அடித்தோம். பழைய எனாமலைத் தின்னர் இளக்க, தாங்கி முழுக்கச் சூடான பால் ஆடை மாதிரிச் சுருங்கிவிட்டது. பிறகென்ன, தகரம் தெரியச் சுரண்டினோம். ஜப்பான் சிவப்பும் போச்சு, பெரியப்பாவின் கறுப்பும் போச்சு. அவர் ஒண்டும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

இரண்டாந்தரம் பிறைமரில் இருந்து தொடங்கினோம். மெற்றாலிக்கைத் தடிப்பாக அடித்தால் துகள் நீந்தி ஓரிடத்தில் திரளும், திட்டுத்திட்டாய்த் தெரியும். மெல்லிசாய்ப் பல தரம் அடித்து, கடைசித் தரத்தைத் தள்ளி நிண்டு தூவவேண்டும். அதைத் தேய்க்கவும் கூடாது, துகள் வெட்டுப்படும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடவும் ஏலாது. துகள் படுக்கிற விதம் மாறி, தனியே தெரியும். பெரியப்பாவின் கறுப்பெண்டால் எத்தனை தரமும் பிறஷால தொட்டுவிடலாம்.

தாங்கியின் அடிப்பக்கத்தை நாங்கள் சுரண்டவில்லை. கழற்றித் திருப்பினால் அவரின்ர பிறஷ் கோடுகள் இன்னும் இருக்கு.