பெட்டிக்குள் என்ன என்று யார் கேட்பது? அமெரிக்காவில் அபாயச் சரக்கின் பொறுப்பு கைமாறிய வரலாறு, 1866–2009

1866 ஏப்ரல் 16. சான் பிரான்சிஸ்கோவில், சரக்கு ஏற்றிச் செல்லும் வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்து சேர்ந்தது. நியூயார்க்கில் ஏற்றப்பட்டு, பனாமா நிலச்சந்தியைக் கடந்து, கப்பலில் வந்த பெட்டி. துறையில் இறக்கியபோதே எண்ணெய் போல ஏதோ கசிந்திருந்தது. சேதத்துக்கு யார் பொறுப்பு, கப்பல் கம்பெனியா, வெல்ஸ் ஃபார்கோவா? இரு தரப்பு ஆட்களும் கூட நிற்க, பெட்டியைத் திறந்து பார்த்துத் தீர்த்துக்கொள்வது அன்றைய வழக்கம். வழக்கப்படியே ஓர் ஊழியர் கொட்டாப்புளியும் உளியும் எடுத்துப் பலகையைப் பெயர்த்தார். உள்ளே இருந்தது நைட்ரோகிளிசரின்; அது வெடித்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. மொத்தம் சுமார் 15 பேர் இறந்தார்கள்.

கட்டடத்தின் உரிமையாளர் பாரட் தொடுத்த நட்டஈட்டு வழக்கு, 1872இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்தது. நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் எழுதிய அத்தீர்ப்பு இந்த ஆய்வுக்குத் தொடக்கப் புள்ளி. சந்தேகப்பட ஏதுவில்லாத நிலையில், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது ஏற்றிச் செல்பவரின் கடமையல்ல என்றது நீதிமன்றம். அதோடு நிற்கவில்லை. சொன்னால்தான் ஏற்றுவேன் என்று நிபந்தனை போடும் உரிமையும் அவருக்கு இல்லை என்றது. வெல்ஸ் ஃபார்கோ தான் குடியிருந்த பகுதியைச் செப்பனிட்டுக் கொடுத்தது. மற்றவற்றுக்கு அது பொறுப்பாக்கப்படவில்லை. வணிகரின் ரகசியம் வணிகருக்கு என்ற அக்கால நியாயம் இதில் தெரிகிறது. ஏற்றிச் செல்பவரின் அறியாமைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தது அத்தீர்ப்பு.

தீர்ப்பு வருவதற்கு முன்பே, வெடிவிபத்து நடந்த அதே ஆண்டில், நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. நைட்ரோகிளிசரினை உலோகப் பாத்திரத்தில் வைத்து, சுற்றிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போன்ற பொருளை அடைத்து, அபாயம் என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ஏற்றிச் செல்பவர் கேட்க முடியாவிட்டாலும் அனுப்புபவர் சொல்லியாக வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு இதுவே விதை. ஆனால் அது ஒரே ஒரு பொருளுக்கான சட்டம். டைனமைட் ரயிலேறத் தொடங்கிய பிறகு அது போதவில்லை. 1905இல் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் அருகே பயணிகள் ரயிலின் பாதையில் டைனமைட் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அரசை முந்திக்கொண்டு ரயில் கம்பெனிகளே 1907இல் வெடிபொருள் கண்காணிப்புப் பணியகம் ஒன்றை அமைத்தன. ராணுவ அதிகாரி பெவர்லி டன் அதற்குத் தலைமை ஏற்றார். மறு ஆண்டு வந்த சட்டம், விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடை வணிக ஆணையத்துக்குக் கொடுத்தது. 1975இன் அபாயப்பொருள் போக்குவரத்துச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது.

சட்டம் ஒழுங்காக இருந்தும் சரக்குச் சீட்டில் எழுதிய ஒரு சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 1996 மே 11 சாட்சி. மயாமியிலிருந்து கிளம்பிய வேலுஜெட் 592ஆம் விமானத்தில் ஐந்து அட்டைப்பெட்டிகள். சீட்டில் 'ஆக்சிஜன் கலன்கள், காலி' என்ற பொருளில் எழுதியிருந்தது. அவை காலியான கலன்கள் அல்ல. தட்டினால் சூடேறி ஆக்சிஜன் தரும் வேதிக் கருவிகள். மாட்டியிருக்க வேண்டிய பாதுகாப்பு மூடிகள் மாட்டப்படவில்லை. விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 110 பேரும் இறந்தனர். அவற்றை அனுப்பிய சேப்ரடெக் நிறுவனம் குற்றவாளி எனத் தீர்ப்பானது. ஆனால் மேல்முறையீட்டில், 2001இல், பெரும்பாலான குற்றச்சாட்டுகள் கலைந்தன. நிலைத்து நின்றது ஊழியருக்குப் பயிற்சி கொடுக்காத குற்றம் மட்டுமே. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அனுப்புநரின் பொறுப்பு சீட்டோடு முடிவதில்லை, அந்தச் சீட்டை எழுதும் கையைப் பழக்குவதிலிருந்தே தொடங்குகிறது என்று அத்தீர்ப்பை வாசிக்கலாம்.

இதுவரை பேசியதெல்லாம் விபத்து. தமிழில் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லால் விபத்துத் தடுப்பையும் சதிகாரரிடமிருந்து காப்பதையும் குறிக்கிறோம். இங்கே பின்னதைக் 'காவல்' என்றே சொல்கிறேன். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகுதான் காவல் இந்த விதிகளுக்குள் நுழைந்தது. அபாயச் சரக்கு லாரி ஓட்டுபவரின் பின்னணியை ஆராய வேண்டும் என்று முதலில் சட்டம் வந்தது. 2003 மார்ச் 25இல் போக்குவரத்துத் துறை இன்னொரு விதியை வெளியிட்டது. குறிப்பிட்ட வகை, அளவு சரக்குகளை அனுப்புபவரும் ஏற்றிச் செல்பவரும் செப்டம்பருக்குள் எழுத்து வடிவில் காவல் திட்டம் வைத்திருக்க வேண்டும். ஆட்களைச் சரிபார்ப்பது, அந்நியர் நெருங்காமல் தடுப்பது, வழியில் காப்பது என மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். இதன் புதுமை 'அனுப்புபவரும் ஏற்றிச் செல்பவரும்' என்ற அந்த 'உம்'மில் இருக்கிறது: இருவருக்கும் ஒரே கடமை. ஆனால் திட்டத்தை அரசிடம் முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் பெற வேண்டியதில்லை. ஆய்வாளர் கேட்டால் காட்டினால் போதும். தலைப்பை அரசு கொடுத்துக் கட்டுரையை நிறுவனத்திடம் விட்ட கதைதான் இது. 2010இல் திட்டம் தேவைப்படும் சரக்குகளின் பட்டியலும் சுருக்கப்பட்டது.

காவலும் விபத்துத் தடுப்பும் நேருக்கு நேர் மோதிய இடம், டேங்கரில் ஒட்டும் சாய்சதுரப் பலகை. நம் நெடுஞ்சாலை டேங்கர் லாரிகளின் பின்னாலும் அதைக் காணலாம். அது சதிகாரனுக்கு வழிகாட்டுகிறது, எடுத்துவிடலாமா என்று அமெரிக்க அரசே பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. தீயணைப்பு வீரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பலகை இல்லாவிட்டால் கவிழ்ந்த வண்டியை எப்படி நெருங்குவது? பலகை தப்பியது.

2005 ஜனவரி 6இல் தென் கரோலினாவின் கிரானிட்வில்லில் ரயிலின் குளோரின் டேங்கர் உடைந்து 9 பேர் இறந்தனர். சுமார் 5,400 பேர் வெளியேற்றப்பட்டனர். சதி ஏதுமில்லை, மாற்றி வைக்காமல் விட்ட ஒரு தண்டவாள மாற்றிதான் காரணம். ஆனாலும் அதைக் கண்டவர்களுக்குச் சதி நடந்தால் என்னாகும் என்பது புரிந்தது. அடுத்த மாதமே வாஷிங்டன் நகர மன்றம் தலைநகர் வழியே அத்தகைய சரக்கு போகக்கூடாது என்று தடை விதித்தது. சிஎஸ்எக்ஸ் ரயில் கம்பெனி வழக்குத் தொடுத்து, மே மாதம் தடைக்கு இடைக்காலத் தடை வாங்கியது. பதிலாக 2008இல் மத்திய விதி வந்தது: எந்தத் தடம் என்று ரயில் கம்பெனியே மக்கள்தொகை, தண்டவாளத்தின் நிலை உள்ளிட்ட 27 காரணிகளை வைத்து ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு விதியும் வந்தது. அதற்கு முன், ஆலையின் பக்கத் தண்டவாளத்தில் குளோரின் வண்டியை விட்டுவிட்டு எஞ்சின் போய்விடலாம். ஆலை ஆட்கள் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். இப்போது அபாயம் மிகுந்த நகர்ப்பகுதிகளில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு ஆள் நின்று ஒப்படைக்க வேண்டும். வண்டி எண், இடம், தேதி, நேரம், நின்றவர் யார் என்று எழுதி வைக்க வேண்டும். பெட்டியைச் சுற்றி இரு தரப்பு ஆட்களும் கூடி நின்ற 1866இன் காட்சிதான் இது. என்ன வேறுபாடு என்றால், இம்முறை உள்ளே இருப்பது இருவருக்கும் தெரியும்.

ஆபத்தும் பொறுப்பும் இவ்வளவு ஏறிய பின், இந்தச் சரக்கே வேண்டாம் என்று சொல்லலாமா? யூட்டாவில் தயாரான குளோரினை டெக்சாஸ், லூயிசியானா வரை தொலைதூரம் கொண்டுபோக யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி தயங்கியது. அங்கேயே அருகில் குளோரின் கிடைக்கிறதே என்றது. தரைவழிப் போக்குவரத்து வாரியம் 2009 ஜூனில் தீர்ப்புச் சொன்னது: யார் கேட்டாலும் ஏற்றக் கடமைப்பட்ட பொதுச் சரக்கேற்றுநர் என்ற முறையில் அந்தக் கம்பெனி கட்டணத்தைச் சொல்லியே ஆக வேண்டும், மறுக்க முடியாது.