உப்புகளின் கரைதிறனும் வெப்பநிலையும்

குறிப்பிட்ட வெப்பநிலையில் 100 கிராம் நீரைத் தெவிட்டச் செய்யத் தேவைப்படும் உப்பின் கிராம் அளவு, அவ்வெப்பநிலையில் அந்த உப்பின் கரைதிறன் எனப்படும். தெவிட்டிய கரைசல் என்பது, தன்னோடு தொட்டுக்கொண்டிருக்கும் திண்ம உப்பை மேலும் கரைத்துக்கொள்ளாத கரைசலாகும்; அதில் படிகத்திலிருந்து அயனிகள் பிரிந்து நீருக்குள் செல்வதும், நீரிலுள்ள அயனிகள் மீண்டும் படிகத்தில் சேர்வதும் ஒரே வேகத்தில் நடைபெறுவதால், வெளிப்பார்வைக்கு மாற்றம் எதுவும் தெரிவதில்லை. நீரைச் சூடாக்கினால் உப்பு கூடுதலாகக் கரையும் என்பது பெரும்பாலான உப்புகளுக்குப் பொருந்துமாயினும், அது பொது விதியன்று.

கரைதிறன் வளைகோடுகள்

வெப்பநிலையைக் கிடை அச்சிலும் கரைதிறனைச் செங்குத்து அச்சிலும் குறித்து வரையப்படும் கோடு கரைதிறன் வளைகோடு எனப்படுகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் 1819-இல் பல உப்புகளின் கரைதிறனை அளந்து இத்தகைய வளைகோடுகளை வெளியிட்டார். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டின் கரைதிறன் 0°செ-இல் ஏறத்தாழ 13 கிராமாகவும், 20°செ-இல் 32 கிராமாகவும், 100°செ-இல் 246 கிராமாகவும் உயர்கிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடோ 0°செ-இல் 35.7 கிராமும் 100°செ-இல் 39 கிராமும் மட்டுமே கரைவதால், அதன் கோடு ஏறக்குறையக் கிடையாகவே செல்கிறது. லித்தியம் கார்பனேட், சீரியம் சல்பேட்டு ஆகியவற்றின் கரைதிறன் வெப்பநிலை உயர உயரக் குறைகிறது.

காரணம்

உப்பு கரையும்போது, படிகத்தில் அயனிகளைப் பிணைத்திருக்கும் விசையை வெல்ல ஆற்றல் செலவாகிறது. பிரிந்த அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது நீரேற்ற ஆற்றல் வெளிப்படுகிறது. செலவு மிகுந்தால் கரைதல் வெப்பங்கொள் நிகழ்வாகவும், வரவு மிகுந்தால் வெப்ப உமிழ் நிகழ்வாகவும் அமைகிறது. சமநிலையிலுள்ள அமைப்பு தன்மீது சுமத்தப்படும் மாற்றத்தை ஈடுசெய்யும் திசையில் நகரும் என்னும் லீ சாட்லியர் தத்துவத்தின்படி, வெப்பத்தை ஏற்றுக் கரையும் உப்பின் கரைதிறன் சூட்டில் கூடுகிறது; வெப்பத்தை உமிழ்ந்து கரைவதன் கரைதிறன் குறைகிறது. ஒரு மோல் பொட்டாசியம் நைட்ரேட் கரைய ஏறத்தாழ 35 கிலோஜூல் வெப்பம் தேவைப்பட, சோடியம் குளோரைடுக்கு 4 கிலோஜூலே போதுமென்பது அவற்றின் வளைகோடுகளின் சரிவில் வெளிப்படுகிறது.

இத்தத்துவத்தைப் பயன்படுத்தும்போது, தெவிட்டிய கரைசலோடு சமநிலையில் இருக்கும் திண்மம் எது என்பதை நோக்க வேண்டும். சோடியம் சல்பேட்டு 32.4°செ-க்குக் கீழே பத்து நீர் மூலக்கூறுகளைக் கொண்ட படிகமாக இருந்து, வெப்பத்தை ஏற்றுக் கரைகிறது. அதற்கு மேலே நீரற்ற உப்பாகி, வெப்பத்தை உமிழ்ந்து கரைகிறது. ஆகவே அதன் வளைகோடு அப்புள்ளிவரை செங்குத்தாக ஏறி, பின்னர் மெல்லச் சரிகிறது.

பயன்பாடு

வளைகோடுகளின் வேறுபாடே கலந்துள்ள உப்புகளைப் பிரிக்கும் கருவியாகிறது. பீகாரில் வெடியுப்பு எடுத்தவர்கள், உவர்மண்ணை நீரில் ஊறவைத்து வடித்த கரைசலைக் காய்ச்சினர். நீர் ஆவியாகிக் குறையும்போது சமையல் உப்பு கொதிநிலையிலேயே படிந்தது. எஞ்சிய கரைசல் ஆறியதும் வெடியுப்பு படிகமாயிற்று. கரைதிறன் வேறுபாட்டைக் கொண்டு படிப்படியாகப் பிரிக்கும் இம்முறை பின்னப் படிகமாக்கல் எனப்படும்; மேரி கியூரி பேரியத்திலிருந்து ரேடியத்தைப் பிரித்ததும் இம்முறையாலேயே ஆகும்.

சூடான தெவிட்டிய கரைசலைக் குளிர்வித்துச் சமையல் உப்பை மிகுதியாகப் பெற இயலாது. எனவே தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் பாத்திகளில் தேக்கிய உவர்நீரின் நீர்ப்பகுதி வெயிலில் ஆவியாக விடப்படுகிறது. இதற்கு நேர்மாறாக, கால்சியம் சல்பேட்டின் கரைதிறன் ஏறத்தாழ 40°செ-க்கு மேல் குறையத் தொடங்குவதால், கொதிகலனில் நீர் எவ்விடத்தில் மிகுதியாகச் சூடாகிறதோ அவ்விடத்திலேயே அது கெட்டிப் படிவாக ஒட்டி, வெப்பம் கடத்தப்படுவதைத் தடுக்கிறது. கொதிகலனுக்குச் செலுத்தும் நீரிலிருந்து கால்சியத்தை முன்னதாகவே நீக்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.