திரிகையும் கொம்பறையும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே உரலும் உலக்கையும் திரிகையும் வெறுந் தட்டுமுட்டுச் சாமான்களாக இருந்ததில்லை. ஆறில்லாத இக்குடாநாட்டில் மாரிமழையை நம்பி விளைந்த நெல் ஆண்டு முழுவதற்கும் போதுமானதன்று. ஆகவே குரக்கனும் சாமையும் பயறும் சேர்த்து வைக்கப்பட்டன. குரக்கன் திரிகையில் அரைபட்டது. பனங்கிழங்கைக் கிழித்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். மாதக்கணக்கிற் கெடாத அந்த ஒடியலை இடித்து அரித்த மாவே ஏழை வீட்டின் பிட்டும் கூழுமாயிற்று.

ஆயினும், இப்பழமையை நாம் கண்மூடிப் போற்றுதல் தகாது. நிலமுடையவன் வளவிலே கொம்பறை நிறைய நெல் இருந்தது. கூலிக்கு உழைத்தவன் குடிசையில் இருந்தது ஒரு பானை. அந்நெல்லைக் குற்றிக் கைகாய்த்த பெண்களுக்கு அதில் உரிமை இருக்கவில்லை. சேமிப்பு என்பது சிக்கனத்தின் விளைவு மட்டுமன்று, நிலவுடைமையின் நிழலுமாகும்.

பின்னர் ஆலை வந்தது. உலக்கையின் பாரத்தைக் குறைத்த அதனை நாம் குறைகூறோம். ஆனால், தீட்டிய வெள்ளையரிசியை மட்டும் உண்ட கோழிகள் முடங்குவதையும், தவிட்டோடு கூடிய அரிசியால் அவை தேறுவதையும் யாவாவிலே 1890களில் ஐக்மன் கண்டறிந்தார். அவ்வாய்வுக்காக அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. வெண்மையை நாகரிகமெனக் கருதிய நாம், தவிட்டை மாட்டுக்குக் கொடுத்தோம்.

தோட்டப் பயிர்களை ஏற்றுமதி செய்து அரிசியை இறக்குமதி செய்யும் நாடாக இலங்கையைக் குடியேற்ற ஆட்சி ஆக்கிவைத்திருந்தது. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அரிசிக்கப்பல்கள் நின்றன, பங்கீடு வந்தது. 1953 யூலையில் 25 சதம் விற்ற பங்கீட்டரிசி கொத்தொன்று 70 சதமாக்கப்பட்டது. ஆகஸ்ட் 12இல் மக்கள் ஹர்த்தாலில் எழுந்தனர்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

2022இல் உணவுவிலை ஓராண்டிற்குள் ஏறக்குறைய இருமடங்கானபோது, வீட்டிலே தானியஞ் சேமியுங்கள் என்னும் அறிவுரை மீண்டும் எழுந்தது. நல்ல அறிவுரைதான். ஆனால் அன்றாடக் கூலியில் அன்றாடம் அரிசி வாங்குபவன் எதைச் சேமிப்பான்? திரிகையைத் தூசுதட்டி எடுப்போம். ஒடியலையும் குரக்கனையும் மீட்போம். அத்துடன், கொம்பறை யாருடையது என்ற பழைய கேள்வியையும் மறவாது கேட்போம்.