கோழிக்காகப் போட்ட வரி

டொயோட்டாவின் ஹைலக்ஸ் வண்டியை ஆப்பிரிக்கப் பாலைநிலங்களிலும் தாய்லாந்தின் கிராமச் சாலைகளிலும் ஆஸ்திரேலியப் பண்ணைகளிலும் காணலாம். 2022 முதல் இந்தியாவிலும் அது விற்பனையாகிறது. ஆனால், பிக்அப் வண்டிகளுக்கு மாபெரும் சந்தையான அமெரிக்காவில் புதிய ஹைலக்ஸ் கிடைக்காது. அங்கு 1995 முதல் டகோமா என்னும் வேறொரு வண்டியையே டொயோட்டா விற்றுவருகிறது. அமெரிக்கரின் விருப்பம் வேறு என்பது இதற்கு முழு விடையாகாது. விடையின் ஒரு பகுதியை 1962-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் இறைச்சிச் சந்தையில் தேட வேண்டும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் கோழி வளர்ப்பு பெருந்தொழிலாக மாறியது. அங்கிருந்து மலிவாக வந்து குவிந்த கோழி இறைச்சியைக் கண்டு ஐரோப்பிய விவசாயிகள் அஞ்சினர். 1962-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அதன் மீதான வரியைப் பெருமளவு உயர்த்தியது. அமெரிக்க ஏற்றுமதி சரிந்தது. பேச்சுவார்த்தைகள் பயன் தரவில்லை. காட் அமைப்பின் குழுவொன்று அமெரிக்காவின் இழப்பை 2.6 கோடி டாலர் என மதிப்பிட்டது. 1963 டிசம்பர் 4 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலடி ஆணையில் கையொப்பமிட்டார். உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக சரக்கு வண்டி ஆகியவற்றின் மீதான வரி உயர்ந்தது. சரக்கு வண்டிக்கு விதிக்கப்பட்டது 25 விழுக்காடு. 'கோழி வரி' என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

வணிக விதிகளின்படி ஒரு நாட்டை மட்டும் சுட்டி வரி விதிக்க இயலாது. ஆகவே ஐரோப்பா மிகுதியாக அனுப்பிய பொருள்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சரக்கு வண்டியைப் பொறுத்தவரை குறி, மேற்கு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன். ஆனால் ஆணையில் நாட்டின் பெயர் இல்லை. பொருளின் பெயரே இருந்தது. எனவே கோழிச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத ஜப்பானிய வண்டிகளும் அதே வரியைச் சந்தித்தன. ஏனைய பொருள்கள் மீதான கூடுதல் வரி காலப்போக்கில் விலக்கப்பட்டது. சரக்கு வண்டி வரி மட்டும் நீடித்தது.

பொருளின் பெயரே வரியைத் தீர்மானித்ததால், போராட்டம் அந்தப் பெயரைச் சுற்றியே நடந்தது. ஃபோக்ஸ்வாகனின் வேன், சன்னல்களும் இருக்கைகளும் கொண்டு வந்தால் பயணியர் வண்டி. அவை இன்றி வந்தால் சரக்கு வண்டி. 1970-களில் மாஸ்டா தயாரித்த ஃபோர்டு கூரியரும் இசுசு தயாரித்த செவ்ரோலே லவ்வும் பின்புறச் சரக்குப் பெட்டி இல்லாமல் 4 விழுக்காடு வரியில் இறங்கின; பெட்டி அமெரிக்காவில் பொருத்தப்பட்டது. 1980-இல் அந்த வழி அடைக்கப்பட்டது. சுபாரு தன் பிராட் வண்டியின் பின்தட்டில் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி அதைப் பயணியர் வண்டியாக்கியது.

இதில் வியப்புக்குரியது ஃபோர்டின் கதை. அமெரிக்க நிறுவனமான ஃபோர்டு, துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களை 2009 முதல் பின் இருக்கைகளுடன் கொண்டுவந்து, பால்டிமோர் துறைமுகத்தில் சுங்கம் கடந்ததும் அவற்றைக் கழற்றியது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2024-இல் 36.5 கோடி டாலர் செலுத்த ஃபோர்டு உடன்பட்டது.

கார்களைத் தடுப்பது இந்த வரியன்று. கார்களுக்கு நெடுங்காலம் 2.5 விழுக்காடே வரி. அவற்றுக்குத் தடை வேறிடத்தில் இருந்தது. ஐரோப்பிய நாடுகள் 1958 முதல் ஐ.நா. உடன்படிக்கை ஒன்றின் வழியே பொதுவான வாகன விதிகளை வளர்த்தன. அமெரிக்கா அதில் சேராமல், 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனக்கெனப் பாதுகாப்பு விதிகளை வகுத்தது. இதனால் முகப்பு விளக்கு முதல் மோதல் சோதனை வரை ஒரே வண்டியை இரு முறை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. வளைவில் திரும்பும் சிட்ரோயன் டிஎஸ் காரின் முகப்பு விளக்குகள் அமெரிக்க விதியால் அங்கு இடம்பெறவில்லை. சில ஆயிரம் மட்டுமே விற்கக்கூடிய வண்டிக்கு இந்தச் செலவைச் செய்ய நிறுவனங்கள் முன்வருவதில்லை. தனியார் தாமே இறக்குமதி செய்துவந்த வழியையும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கியது. 25 ஆண்டு பழைமையான வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு.

வரியும் விதியும் தீமை மட்டுமே செய்தன என்று கூறிவிட முடியாது. மோதல் சோதனைகள் உயிர்களைக் காத்தன. வெளிநாட்டு நிறுவனங்கள் அமெரிக்காவிலேயே ஆலை அமைத்தன. டென்னசியின் ஸ்மிர்னாவில் 1983-இல் நிசான் முதலில் தயாரித்தது ஒரு பிக்அப் வண்டியையே. அந்த ஆலைகளை நம்பிக் குடும்பங்கள் வாழ்கின்றன. வரியை நீக்குவது கடினமானதற்கு அதுவும் ஒரு காரணம். தென்கொரியாவுடனான ஒப்பந்தப்படி 2021-இல் முடிய வேண்டிய சரக்கு வண்டி வரி, 2018 திருத்தத்தால் 2041 வரை நீட்டிக்கப்பட்டது. ஒரு பதிலடியாகத் தொடங்கிய வரி, தன்னைச் சார்ந்து வாழ்வோரை உருவாக்கிக்கொண்டது. அவர்களின் இழப்பைக் கணக்கிட்டுச் சொல்லச் சங்கங்களும் நிறுவனங்களும் உள்ளன. மலிவான சிறிய வண்டி ஒன்று தமக்குக் கிடைக்காமற் போனதைப் பெரும்பாலான அமெரிக்கர் அறியவே இல்லை. அறியாத இழப்புக்காக எவரும் வாதாடுவதுமில்லை.