தலைக்கா, தாளிப்புக்கா?

பொன்னேரியில் பஸ் ஏறிப் பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் திருப்பாலைவனம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும், முதல்தடவை வருகிறவர்கள் ஜன்னல் வழியே மணல்மேட்டைத் தேடுவார்கள். கண்ணுக்குக் கிடைப்பது நெல்வயல். பாலை இங்கே மரத்தின் பெயர். கீறினால் பால் வடியும். உலக்கை செய்யத் தோதான கெட்டி மரம். திருப்பாலீஸ்வரர் கோயிலின் தலமரமும் அதுதான். அங்கிருந்து கிழக்கே போகப் போக வயல் மெலிந்து, மண்ணில் உப்புப் பூத்து, பனை கூடி, கடைசியில் ஏரி வந்துவிடும்.

தென்னை இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கரை பனையின் கரை. ஜமீலாபாத் பெண்கள் முடைகிற கூடை பனையோலை. இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் வாயில் கவ்விக்கொள்ளும் பறியும் பனையோலை. தென்னை இங்கே நெடுங்காலம் உழைத்தது கயிறாக. 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டியபோது சோழமண்டலக் கரை நெடுகப் பெரிய கப்பல் ஒட்டி நிற்கத் துறை கிடையாது. சரக்கை அலை தாண்டிக் கொண்டுபோனவை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் பலகையைத் தைத்த படகுகள். அலை மோதினால் அவை உடையாமல் வளைந்துகொடுக்கும்.

எண்ணெயாகத் தென்னை இந்த ஊருக்கு வந்து சேர்ந்த வழி வேறு. அது மேற்கிலிருந்து, லாரியில் வந்தது.

பெட்டிக்கடை வாசலில் ஷாம்பு பாக்கெட் சரம் தொங்கும். உள்ளே ஒரு தட்டில் நீல பாட்டில்கள் வரிசையாக இருக்கும். “அண்ணா, தேங்காண்ண ஒண்ணு” என்று ஒரு பிள்ளை வந்து கேட்டால், அது தலைக்குத்தான் என்று கடைக்காரருக்குத் தெரியும். மீன்குழம்புக்கு நல்லெண்ணெய், வறுவலுக்குக் கடலெண்ணெய் அல்லது பாக்கெட் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் தாளிப்பது கன்னியாகுமரிக்காரர்களும் கேரளத்தாரும் செய்கிற காரியம் என்பது வடதமிழ்நாட்டு அபிப்பிராயம். ஆனால் அந்த நீல பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். தலை, முடி என்ற பேச்சே இருக்காது. உண்ணத்தக்க தேங்காய் எண்ணெய் என்றுதான் இருக்கும். இது ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால் பொள்ளாச்சியில் தொடங்கி டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருக்கிறது.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தோப்பில் பாளை வெடித்துக் காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். பறித்த காயைத் தரையில் நட்ட இரும்புப் பாரையில் குத்தித் திருகி உரிப்பார்கள். பழகிய கைக்கு மூன்றே திருகல். அங்கிருந்து காங்கேயம். திருப்பூர் மாவட்டத்தின் இந்த ஊருக்கு வெளியுலகில் காளையால் பெயர். எண்ணெய் வியாபாரிகளுக்கு அது கொப்பரை ஊர். வெள்ளகோவில் பக்கமெல்லாம் சிமெண்டுக் களங்கள். மழை குறைந்த, காற்று வறண்ட நிலம் என்பதால் கொப்பரை காயத் தோதான ஊர். பொள்ளாச்சியின் ஈரம் அதற்கு ஆகாது.

பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். இரண்டாக உடைத்து வெயிலில் மல்லாத்திப் போட்டால் பருப்பு சுருங்கிச் சிரட்டையை விட்டுக் கழன்றுகொள்ளும். பெண்கள் உட்கார்ந்து அதைத் தோண்டி எடுத்து, திரும்ப வெயிலில் பரப்புவார்கள். ஈரம் நூற்றுக்கு 6க்கு இறங்கினால் கொப்பரை. மழை மேகம் கண்டால் களமே ஓடும். நனைந்த கொப்பரையில் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சணத்துக்குப் பயந்து சிலர் கந்தகப் புகை போடுவதும் உண்டு. பார்வைக்கு வெள்ளைவெளேர் என்று இருக்கும் கொப்பரையைக் கண்டு மயங்க வேண்டாம் என்பேன். காய்ந்த கொப்பரையை ஆலையில் ஆட்டினால் எடையில் நூற்றுக்கு 60க்கு மேல் எண்ணெய். அரவைக் கொப்பரை, பந்துக் கொப்பரை என்று அரசு தனித்தனியே ஆதார விலை வைக்கிறது. 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த வருஷ நடுவில் சந்தை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கிலோ 200 ரூபாயைத் தாண்டி ஓடிற்று. வறட்சியும், 2016இல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொள்ளாச்சியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும், வாடல் நோயும் சேர்ந்து காயைக் குறைத்திருந்தன. திருப்பாலைவனத்துக் கடையில் அதே பாட்டில் விலை ஏறியதற்குக் காரணம் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த வெள்ளைப் பூச்சியும்தான்.

பாட்டிலுக்கும் ஒரு கதை உண்டு. முன்பு தேங்காய் எண்ணெய் டின்னில் வந்தது. பாராசூட்டை விற்கிற மாரிகோ நிறுவனத்தின் ஹர்ஷ் மாரிவாலா, டின்னைப் பிளாஸ்டிக்காக மாற்றப் போனபோது வியாபாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் யாரோ சதுரமான பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து விற்க, எலிகள் மூலையைக் கடித்துக் குதறியிருந்தன. எனவே எலிக்குப் பிடி கிடைக்காத உருண்டை பாட்டில் செய்து, எலிக்கூண்டுக்குள் சில நாள் வைத்துக் காட்டிய பிறகுதான் கடைக்காரர்கள் நம்பினார்களாம். நம் குளியலறை மாடத்தில் நிற்கும் அந்த உருண்டை வடிவத்தைத் தீர்மானித்ததில் எலிக்கும் பங்கு உண்டு.

இனி வழக்கு. இந்த எண்ணெய் சாப்பாட்டுச் சாமானா, அலங்காரச் சாமானா? கலால் வரிக் காலத்திலேயே எழுந்த கேள்வி. சின்ன பாட்டிலில் அடைத்தால் அது தலைக்குத்தானே என்றது வரித்துறை. ஏழைகள் சமையலுக்கும் சின்ன பாட்டிலில்தான் வாங்குவார்கள் என்றது எதிர்த்தரப்பு. சேலம் மத்தியக் கலால் ஆணையர் கொண்டுபோன மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் 2018இல் இரு நீதிபதிகளிடம் வந்தபோது இருவரும் இரண்டு விதமாகத் தீர்ப்பெழுதினார்கள். பிறகு மூவர் அமர்வு, 2024 டிசம்பர் 18 அன்று முடித்துவைத்தது: சின்ன பாட்டிலில் இருப்பதாலேயே சுத்தமான தேங்காய் எண்ணெய் தலை எண்ணெய் ஆகிவிடாது, உண்ணும் எண்ணெயாகவும் கொள்ளலாம். ஜிஎஸ்டியில் இதற்கு அர்த்தம் பெரியது. சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், தலை எண்ணெய்க்கு அப்போது 18. லேபிளில் முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாததன் ரகசியம் இதுதான். வேடிக்கை என்னவென்றால், தீர்ப்பு வந்து ஒன்பது மாதத்தில், 2025 செப்டம்பர் 22 முதல், தலை எண்ணெய்க்கும் வரியை 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் வாதாடிய வித்தியாசம் போயே போய்விட்டது. காங்கேயத்தில் காயாகவும் கொப்பரையாகவும் இருந்தது, டெல்லியில் சமையல் எண்ணெய். திருப்பாலைவனத்தில் இறங்கியதும் மறுபடி தலை எண்ணெய்.

தலையில் அது என்னதான் செய்கிறது? ரேலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி பேசப்படுவது. மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்ததில், முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். குட்டையான, நேரான மூலக்கூறு என்பதால் முடியின் உள்ளே புகுந்துவிடுகிறது. மற்ற இரண்டும் மேலே படிந்து நின்றுவிடுகின்றன. ஆய்வு செய்தவர்கள் மாரிகோவின் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் பொய் என்று ஆகாது. தெரிந்துகொண்டு படிப்பது நல்லது, அவ்வளவுதான்.

முடி தண்ணீரில் ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கும். இப்படியே ஓயாமல் நடந்தால் செதில் பெயர்ந்து நார்நாராகும். உப்பு நீரில் நாளைக்கு நாலு மணி நேரம் நிற்கிறவர்கள் தலையை நினைத்துப் பாருங்கள். தலைக்குக் குளிக்கும் முன், தண்ணீரில் இறங்கும் முன் எண்ணெய் வைப்பது முடி ஊறுவதைக் குறைக்கிறது. குளித்து முடித்தபின் பளபளப்புக்காக வழிய வழிய வைப்பதைவிட இது புத்திசாலித்தனம். தோலுக்கு வேறு கணக்கு. எண்ணெயில் ஈரம் கிடையாது. ஏற்கெனவே இருக்கிற ஈரத்தை வெளியே போகாமல் மூடிவைக்கும். அதனால் குளித்துத் துவட்டிய கையோடு, தோல் ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும். வெயிலைத் தடுக்கும் என்று நம்பிப் படகில் போக வேண்டாம். அதற்கு முண்டாசும் முழுக்கைச் சட்டையும்தான். பரு வருகிற முகத்துக்கும், பொடுகு பிடித்த தலைக்கும் இது உதவாது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயின் கொழுப்பைத் தின்றே வளர்வது. மட்டி ஓடு கிழித்த காயத்துக்கும் மருத்துவமனைதான், எண்ணெய் பாட்டில் இல்லை.

எண்ணெய்த் தலைகள் உலகெங்கும் சாய்ந்த இடத்தைக் கெடுத்திருக்கின்றன. இங்கிலாந்தில் மக்காசார் எண்ணெய் பூசிய கனவான்கள் சாய்ந்து சாய்ந்து நாற்காலிகளைப் பாழாக்க, முதுகுப்பக்கம் போடும் துணிக்கே ஆங்கிலத்தில் மக்காசார்-தடுப்பு என்று பொருள்படும் பெயர் வந்துவிட்டது. நம் வீடுகளில் துணி போடுவதில்லை. திண்ணைச் சுவரில், உட்கார்ந்த தலை உயரத்தில் ஒரு கருத்த வட்டம் இருந்தால் போதும், அது தாத்தாவின் இடம்.

கடையும் வரியும் எட்டாத ஒரு எண்ணெய் உண்டு. அது கொப்பரையைத் தொடாமல் தேங்காய்ப்பாலிலிருந்து நேராக வருவது. எங்கள் பெரியம்மா, வீட்டில் குழந்தை பிறந்தால் காய்ச்சுவார். பத்து முற்றின காய். துருவி, வெதுவெதுப்பான நீர் தெளித்து, பழைய வேட்டித் துணியில் வைத்து முறுக்குவார். முதல் பால் கெட்டியாக, மோரும் வெண்ணெயும் கலந்தாற்போல இறங்கும். சக்கையில் நீர் விட்டு இரண்டாம் பால். எல்லாவற்றையும் அடிகனமான சட்டியில் ஊற்றிச் சின்ன அடுப்பில் வைத்தால் அரைமணி நேரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு பால் திரிந்து, ஓரத்தில் கண்ணாடித் துளிகள் மிதக்கும். சளசளவென்று கொதித்தது சடசடவென்று வெடிக்கத் தொடங்கும். அது கடைசித் தண்ணீர் போகிற சத்தம். சத்தம் ஓய்கிற இடத்தில் எட்ட நிற்கக் கூடாது. கசடு வெள்ளையிலிருந்து தேன் நிறத்துக்கு வந்ததும் இறக்க வேண்டும். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் கருகி, எண்ணெய் முழுதும் கருகல் வாசனை ஏறிவிடும். பத்துக் காய்க்கு அரை லிட்டருக்குச் சற்று மேலே தேறும். கசடை வெல்லத்தோடு பிசைந்து பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்போம். காய் விற்கிற இன்றைய விலையில் இதை எத்தனை வீட்டில் செய்வார்கள் என்று கேட்காதீர்கள்.

காய்ச்சாத பாலையே தலைக்குத் தடவுகிறவர்களும் உண்டு. அது கொழுப்பும் நீரும் புரதமும் கலந்த குழம்பு. வறண்ட முடிக்கு இதமாக இருக்கும். அரைமணி வைத்து நன்றாக அலசிவிட வேண்டும். நம் வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும் பொருள், மிச்சத்தை நாளைக்கு என்று வைப்பது வீண்.

மார்கழிக் காலையில் பாட்டிலில் எண்ணெய் உறைந்து கிடக்கும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அதன் இயல்பு அது. உறைந்தால் சுத்தம் என்று ஊரெல்லாம் நம்புகிறது. எண்ணெய்ப் பனையின் கொட்டைப் பருப்பு எண்ணெய் என்று ஒன்று இருக்கிறது. விலை மலிவானது, கலப்படத்துக்குத் தோதானது, அதுவும் ஏறக்குறைய அதே குளிரில் உறையும். ஆகவே உறைவதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. உறையாமல் மேலே ஒரு அடுக்கு தங்கினால் மட்டும் சந்தேகப்படலாம்.

அடுத்தமுறை கடையில் பாட்டிலைக் கையில் எடுத்தால் முன்பக்கத்துத் தென்னை மரப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானம் என்ற இடத்தில் தேங்காய் எண்ணெய் என்று ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். லைட் லிக்விட் பாரஃபின் என்று தொடங்கினால், அதில் பெரும்பங்கு பெட்ரோலியக் கிணற்றிலிருந்து வந்தது.